லண்டனில் வீடு உடைத்துக் கட்டும்போது: வீதியில் ஸ்கிப் வைப்பதா, வேறு வழி பார்ப்பதா?

ஈஸ்ட்ஹாம், டூட்டிங் பக்கத்துத் தெருக்களில் நிறைய வீடுகள் வரிசை வீடுகள். முன்னால் ஒரு கார் நிறுத்தக்கூட இடம் இருக்காது. சமையலறையை உடைத்துப் பின்பக்கம் நீட்டலாம் என்று முடிவானதும் பில்டர் முதலில் சொல்வது, “ஒரு ஸ்கிப் போட்டுவிடுங்கோ” என்பதுதான். ஸ்கிப் என்பது கட்டடக் குப்பையைப் போட்டு, நிரம்பியதும் லொறியில் ஏற்றிக்கொண்டுபோகும் பெரிய இரும்புத் தொட்டி. வீட்டுக்காரர் இணையத்தில் வாடகையைப் பார்த்துப் பதிவும் செய்துவிடுவார். அதற்குப் பிறகுதான் கவுன்சில் அனுமதி, தரிப்பிடத்தை நிறுத்திவைக்கும் கட்டணம், காத்திருக்கும் நாட்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் தெரியவரும். சில தெருக்களில் இந்தச் சில்லறைகள் சேர்ந்து ஸ்கிப் வாடகையையே எட்டிவிடும்.

அதனால் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். குப்பை ஒரே நாளில் மொத்தமாக வருமா, இரண்டு கிழமையாகச் சிறுகச் சிறுக வருமா? வருவது மண்ணும் கல்லுமா, பலகையும் அலுமாரியுமா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் பாதித் தெரிவு முடிந்தது. மீதிப் பாதி உங்கள் வீதியைப் பொறுத்தது.

வீதியில் ஸ்கிப்: சட்டம் என்ன கேட்கிறது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 139ஆம் பிரிவு, வீதி அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் பொது வீதியில் ஸ்கிப் வைக்கக்கூடாது என்கிறது. சாதாரணத் தெருக்களுக்கு லண்டனில் அந்த அதிகாரசபை உங்கள் பரோவின், அதாவது உள்ளூராட்சிப் பிரிவின், கவுன்சில். ஓரத்தில் சிவப்புக் கோடு போட்ட பெருவீதி என்றால் அனுமதியை லண்டனின் போக்குவரத்து அமைப்பான ‘டிரான்ஸ்போர்ட் ஃபோர் லண்டன்’ தரவேண்டும்; கவுன்சிலிடம் விண்ணப்பித்துப் பயனில்லை. கவுன்சில் பொறுப்பேற்காத தனியார் வீதியாக இருந்தால் இந்த அனுமதி தேவைப்படாது, ஆனால் அந்த நிலத்தின் சொந்தக்காரரிடமோ பராமரிப்பு நிறுவனத்திடமோ எழுத்தில் சம்மதம் வேண்டும். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டங்கள். கேட்கும் விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

விண்ணப்பிப்பது யார் என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். பல கவுன்சில்கள் ஸ்கிப் நிறுவனத்திடமிருந்து மட்டும்தான் விண்ணப்பம் ஏற்கும். அதற்குக் காரணம் இருக்கிறது. இரவில் விளக்கு எரியவேண்டும், ஸ்கிப்பில் உரிமையாளர் பெயரும் தொலைபேசி எண்ணோ முகவரியோ அழியாதபடி எழுதியிருக்கவேண்டும், நிரம்பியதும் தாமதிக்காமல் எடுத்துச் செல்லவேண்டும் என்ற கடமைகளைச் சட்டம் உரிமையாளர் தலையில்தான் வைக்கிறது. அவற்றைத் தவறினாலோ அனுமதியில்லாமல் வைத்தாலோ தண்டம் 1000 பவுண்ஸ் வரை போகலாம். நிறுவனத்திடம் பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருக்கிறதா என்றும் கவுன்சில் பார்க்கும். இதில் வீட்டுக்காரர் கவனிக்கவேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. வாடகை ஒப்பந்தம் ஒரு மாதமோ அதற்கு மேலோ என்றால், சட்டத்தின் கண்ணில் ‘உரிமையாளர்’ ஸ்கிப்பைக் கையில் வைத்திருப்பவர். நீண்ட வேலை என்று ஒரே ஒப்பந்தமாக ஆறு கிழமைக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டால், விளக்குக்கும், ஸ்கிப்புக்கு முன்னால் வைக்கும் எச்சரிக்கைக் கூம்புக்கும் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு ஸ்கிப், நிரம்பினால் மாற்றிக்கொள்வது என்று எடுப்பதே நல்லது.

அனுமதிக் கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறு. சில பத்துப் பவுண்ஸில் முடிவதும் உண்டு, நூறைத் தாண்டுவதும் உண்டு. நிறுவனம் தன் வேலைக்கூலியையும் மேலே சேர்க்கும். எத்தனை நாளுக்கு என்பதும் வேறுபடும்: ஒரு கிழமை, இரண்டு கிழமை, ஒரு மாதம். பில்டர் வேலையைத் தொடங்கும் நாளும் அனுமதி தொடங்கும் நாளும் பொருந்தவேண்டும். அனுமதியில் இருக்கும் திகதிதான் கணக்கு. ஸ்கிப் நான்கு நாள் பிந்தி வந்தால் அந்த நான்கு நாளும் போனதுதான்.

உண்மையான செலவு தரிப்பிடத்தில்

கார் நிறுத்த வதிவாளர் பெர்மிட் வேண்டிய தெருவில் ஸ்கிப் அனுமதி மட்டும் போதாது. ஸ்கிப் நிற்கப்போகும் தரிப்பிடத்தைக் கவுன்சில் தற்காலிகமாக நிறுத்திவைக்கவேண்டும், அதாவது அங்கே யாரும் கார் விடாதபடி தடுக்கவேண்டும். இது வேறு பிரிவு, வேறு விண்ணப்பம், வேறு கட்டணம். பல பரோக்களில் ஸ்கிப் அனுமதியைவிட இதுதான் விலை கூட, ஏனென்றால் நாள் கணக்கிலும் தரிப்பிடக் கணக்கிலும் அறவிடுகிறார்கள். முன்னறிவிப்பு நாட்களும் தேவை: அறிவிப்புப் பலகையைக் கம்பத்தில் மாட்டி, தெருவில் உள்ளவர்கள் காரை எடுக்க அவகாசம் கொடுக்கவேண்டும். கிழமைக் கணக்கில் முன்கூட்டியே விண்ணப்பிக்காவிட்டால் பில்டர் வந்து நிற்பார், ஸ்கிப் வராது.

அன்று காலை அந்த இடத்தில் ஒரு கார் நின்றால்? லொறிச் சாரதி பத்து நிமிடம் பார்ப்பார், போய்விடுவார். வீண்பயணக் கட்டணம் உங்கள் பில்லில் ஏறும். முதல்நாள் மாலையே இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் எதிர்வீட்டுக்கும் நேரில் சொல்லி வையுங்கள். கவுன்சிலின் தரிப்பிட அமலாக்கத் தொலைபேசி எண்ணைக் கையில் வைத்திருங்கள். தரிப்பிடம் முறைப்படி நிறுத்திவைக்கப்பட்டிருந்தால்தான் அவர்களால் அந்தக் காருக்கு எதுவும் செய்ய முடியும். நீங்களாகவே கூம்பு வைத்துப் பிடித்த இடத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

எப்படி நிற்கவேண்டும்

அனுமதியோடு வரும் நிபந்தனைகளில் வழமையாக இருப்பவை இவை. ஸ்கிப் 5 மீற்றர் நீளத்துக்கும் 2 மீற்றர் அகலத்துக்கும் மேற்படக்கூடாது. நீளப்பக்கம் நடைபாதை விளிம்புக்கு இணையாக, விளிம்பை ஒட்டி நிற்கவேண்டும், ஆனால் மழைநீர் ஓடும் வழியையோ மேன்ஹோல் மூடியையோ மறைக்கக்கூடாது. வாகனம் வரும் பக்கத்தில் குறைந்தது நான்கு கூம்புகள் சாய்வாக வைக்கவேண்டும். இருட்டியபின் நான்கு மூலையிலும் விளக்கு எரியவேண்டும். இரு முனைகளிலும் சிவப்பு, மஞ்சள் சாய்கோடுகள் ஒளிதெறிக்கும் பட்டையாக இருக்கவேண்டும். இதை 1984ஆம் ஆண்டின் தனி விதியே சொல்கிறது. ஸ்கிப் வந்து இறங்கும்போது அந்தப் பட்டை சேற்றாலோ உரசலாலோ மறைந்திருந்தால் அப்போதே சாரதியிடம் காட்டுங்கள்.

விளக்குகள் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். அவை பற்றரி விளக்குகள். மங்கும், களவும் போகும். நவம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும் நாட்டில் அணைந்த விளக்கோடு நிற்கும் ஸ்கிப், சைக்கிளில் வருபவருக்கு இரும்புச் சுவர். அனுமதி கொடுத்தார்கள் என்பதால் விபத்துக்கு கவுன்சில் பொறுப்பாகாது என்பதையும் அதே 139ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. கடமை நிறுவனத்தினது என்றாலும், வீட்டில் இருப்பவர் நீங்கள். பொழுதுபடும்போது ஒருமுறை எட்டிப் பாருங்கள், ஒன்று எரியாவிட்டால் உடனே அழையுங்கள். அனுமதி கையில் இருந்தாலும்கூட, இடத்தை மாற்றச் சொல்லவோ எடுக்கச் சொல்லவோ கவுன்சிலுக்கும் சீருடைப் பொலிஸாருக்கும் 140ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு.

நடைபாதைமேல் வைக்கப் பெரும்பாலும் சம்மதிக்கமாட்டார்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் வீதியில் இறங்கிச் சுற்றிப்போக நேரும் என்பதே காரணம்.

அளவும் நிறையும்

யார்ட் என்பது இங்கே கன யார்ட். ஒன்று ஏறக்குறைய 0.76 கன மீற்றர். 6 யார்ட் ஸ்கிப் 4.6 கன மீற்றரும் 8 யார்ட் ஸ்கிப் 6.1 கன மீற்றரும் கொள்ளும். மண், செங்கல், கொங்கிறீற் போட 8 யார்ட்தான் உச்சம். சில நிறுவனங்கள் மண்ணுக்கு 6 யார்ட்டோடு நிறுத்திவிடும். 12 யார்ட் ஸ்கிப் மரம், அட்டை, தளபாடம் போன்ற பாரமில்லாத பொருளுக்கு மட்டும். பெரிதாக எடுத்துப் பாதிக்கு மண் போடலாம் என்று நினைப்பது வீண்: லொறியால் தூக்க முடியாமல் போனால் மண்ணைத் திரும்ப அள்ளி வெளியே போடச் சொல்வார்கள்.

நிரப்பும் மட்டமும் அப்படித்தான். விளிம்புக்கு மேலே குவியல் நின்றால் சாரதி ஏற்றமாட்டார், ஏனென்றால் வீதியில் விழுந்தால் பிடிபடுவது அவர். கதவுப் பலகைகளைச் சுற்றிவர நிறுத்தி ‘சுவர்’ கட்டி உயரம் கூட்டும் வித்தையும் செல்லாது. கதவையும் பலகையையும் அடியில் படுக்கவைத்து, சமையலறை அலுமாரிகளைக் கழற்றித் தட்டையாக்கி, இடைவெளிகளில் சல்லியைக் கொட்டினால் அதே ஸ்கிப்பில் கணிசமாகக் கூடுதலாக அடங்கும்.

போடக்கூடாதவை: அஸ்பெஸ்டஸ், பிரிட்ஜ், தொலைக்காட்சி, டயர், பற்றரி, காஸ் சிலிண்டர், குழல்விளக்கு, திரவ நிலைப் பெயின்ட். பழைய கராஜ் கூரைத் தகட்டிலும் 2000க்கு முந்திய வீடுகளின் சில கூரைப் பூச்சு, தரைத் தகடுகளிலும் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், உடைக்குமுன் பரிசோதியுங்கள். பிளாஸ்டர்போர்டைத் தனியாகப் பையில் வைக்கச் சொல்வார்கள்: அதிலுள்ள ஜிப்சம் அழுகும் குப்பையோடு புதைந்தால் ஹைட்ரஜன் சல்பைட் என்ற நச்சுவாயு வரும். சோபாவும் மெத்தை வைத்த கதிரையும் 2023 ஜனவரியிலிருந்து தனிக் கணக்கு. அவற்றின் துணியிலும் பஞ்சிலும் இருக்கக்கூடிய தீத்தடுப்பு இரசாயனம் காரணமாகப் புதைக்காமல் எரிக்கவேண்டும் என்று சுற்றாடல் முகவரகம் சொல்லிவிட்டது. அதனால் ஒரு சோபாவுக்கென்று தனியே பணம் கேட்டால் அது ஏமாற்று இல்லை.

இரவோடிரவாக அடுத்த தெருக்காரர் தன் பழைய மெத்தையை உங்கள் ஸ்கிப்பில் போட்டுவிட்டுப் போவதும் வீதி ஸ்கிப்பின் தீராத தொல்லை. பூட்டும் மூடியுள்ள ஸ்கிப் கிடைக்கும், கொஞ்சம் விலை கூட. சனி, ஞாயிறு முழுவதும் வீதியில் நிற்கப்போகிறதென்றால் அதை எடுப்பது லாபம்.

வீட்டு முன்றிலில் இடம் இருந்தால்

ட்ரைவ்வே இருந்தால் வேறு யோசனை வேண்டாம், அங்கேதான் வைக்கவேண்டும். கவுன்சில் அனுமதி இல்லை, விளக்கு இல்லை, நாள் நெருக்கடி இல்லை. ஆனால் லொறி உள்ளே வர ஏறக்குறைய 3 மீற்றர் அகலம் வேண்டும். ஸ்கிப் இறங்குவது லொறியின் பின்பக்கம் என்பதால் நீளவாக்கிலும் இடம் வேண்டும், மேலே கிளையோ தொலைபேசிக் கம்பியோ தொங்கக்கூடாது. நடைபாதை விளிம்பு தாழ்த்தப்படாத வீட்டில் ‘முன்தோட்டத்தில் வைத்துவிடலாம்’ என்பது சரிவராது: லொறி நடைபாதைமேல் ஏறினால் கற்கள் உடையும், பில் உங்களுக்கு வரும். கல் பதித்த முன்றிலில் தடித்த பலகைகளை முன்கூட்டியே விரியுங்கள். மண் நிறைந்த 8 யார்ட் ஸ்கிப் எட்டுத் தொன்னை எட்டும். மேன்ஹோல் மூடிமேல் அது இறங்கினால் மூடி மட்டுமல்ல, கீழே உள்ள குழாயும் போய்விடும். பல நிறுவனங்கள் முன்றில் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும்.

காத்து நின்று ஏற்றும் லொறி

குப்பை முழுவதும் ஏற்கெனவே உடைத்துப் பையில் கட்டி வாசலில் தயாராக இருந்தால், வீதி ஸ்கிப்பைவிட இதுவே நல்லது. ஸ்கிப் லொறி வந்து நிற்கும், நீங்கள் ஏற்றுவீர்கள், அது கொண்டுபோய்விடும். ஸ்கிப் வீதியில் விடப்படுவதில்லை என்பதால் பொதுவாக அனுமதி தேவைப்படாது. தரிப்பிடம் நிறுத்திவைக்கும் செலவும் தப்பும். கொடுக்கும் நேரம் 20 முதல் 40 நிமிடம். அதற்கு மேல் நிமிடக் கணக்கில் பணம்.

அரை மணிக்குள் 6 யார்ட் சல்லியை ஏற்ற நான்கு பேராவது வேண்டும். மண்ணைத் தோட்டத்திலிருந்து மண்வெட்டியால் அள்ளிக் கொண்டுவந்து ஏற்றலாம் என்று எண்ணாதீர்கள், முடியாது. சல்லிப் பைகளை அரைக்கு மேல் நிரப்பாதீர்கள், ஒருவரால் தூக்க முடிய வேண்டும். லொறி எங்கே நிற்கும் என்பதையும் பாருங்கள். மஞ்சள் கோட்டில் ஏற்றி இறக்க இடமிருக்கும், ஆனால் நடைபாதை விளிம்பிலேயே குறுக்காகச் சின்ன மஞ்சள் கீறல்கள் இருந்தால் ஏற்றி இறக்குவதற்கும் தடை உண்டு. ஒற்றைக் கீறல் என்றால் பலகையில் உள்ள நேரங்களில் தடை, இரட்டைக் கீறல் என்றால் எந்நேரமும் தடை.

பெரிய பைகள்

கடையில் வாங்கிவந்து நிரப்பி, பிறகு கிரேன் லொறியை அழைக்கும் பைகள் குளியலறை அளவு வேலைக்குச் சரி. இவற்றுக்கு அனுமதி வேண்டாம் என்று விளம்பரம் சொல்வது பை உங்கள் சொந்த நிலத்தில் இருக்கும்வரைதான். நடைபாதையிலோ வீதியிலோ வைத்தால் அதே சட்டத்தின் 171ஆம் பிரிவு வந்துவிடும்: கட்டடப் பொருளையும் குப்பையையும் வீதியில் தற்காலிகமாக வைக்கவும் சம்மதம் வேண்டும். பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். இன்னொன்று, கிரேன் கை எட்டும் தூரத்தில் பை இருக்கவேண்டும். பின்தோட்டத்தில் நிரப்பிவிட்டால் ஒரு தொன் பையை யாரும் முன்னுக்கு நகர்த்தமுடியாது.

மண்ணுக்குத் தனிக் கணக்கு

பின்பக்கம் 5 மீற்றர் அகலத்தில் 3 மீற்றர் நீட்டுவதாக வையுங்கள். அத்திவாரப் பள்ளம் மொத்தம் சுமார் 10 மீற்றர் நீளம், 0.6 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம் என்றால் 6 கன மீற்றர். உள்ளே தரைக்காக 9 சதுர மீற்றரில் 0.4 மீற்றர் தோண்டினால் இன்னும் 3.6. மொத்தம் 9.6 கன மீற்றர். ஆனால் தோண்டிய மண் உதிர்ந்து பெருக்கும். 30 வீதம் கூட்டினால் 12.5 கன மீற்றர். இரண்டு 8 யார்ட் ஸ்கிப் விளிம்புவரை நிறைந்தும் மிஞ்சும், ஆக மூன்று. நிறை ஏறக்குறைய 17 தொன். கட்டட ஆய்வாளர் வந்து லண்டன் களிமண்ணைப் பார்த்து, பக்கத்தில் மரமும் நிற்கிறது, இன்னும் ஆழமாகத் தோண்டு என்றால் இந்தக் கணக்கு இன்னும் ஏறும்.

கைபோன்ற அள்ளும் கருவி பூட்டிய கிராப் லொறி, எட்டுச் சக்கரம் கொண்டது, ஒரே தடவையில் சுமார் 16 தொன் கொண்டுபோகும். மூன்று ஸ்கிப்பும் இரண்டு மாற்றலும் கவுன்சில் அனுமதியும் செய்யும் வேலையை ஒன்றோ இரண்டோ பயணத்தில் முடித்துவிடும். மண்ணை லொறிக்கு எட்டும்படி உங்கள் முன்றிலில் குவித்து வைக்கமுடிந்தால் இதற்கு ஈடில்லை. பக்கவழி இல்லாத வரிசை வீட்டில் மண் வீட்டுக்கூடத்தின் வழியாகத்தான் வெளியே வரும், குவிக்க முன்னால் இடமும் இராது. அங்கேதான் அனுமதி எடுத்த வீதி ஸ்கிப் தன் விலைக்குத் தகுதியாகிறது: நான்கு நாள் தள்ளுவண்டியில் வரவர நிரப்பலாம், நிரம்பியதும் மாற்றலாம். மாற்றும் ஸ்கிப்பையும் அதே அனுமதி தாங்குமா என்று முதலிலேயே கேளுங்கள்.

மண்ணோடு பலகையோ பிளாஸ்டிக்கோ கலந்தால் ‘கலப்புக் குப்பை’ விலைக்குப் போய்விடும்.

வானும் ஆளும்

வான் கொண்டுவந்து ஏற்றும் கூலியும் சேர்த்துக் கன யார்ட் கணக்கில் எடுப்பவர்கள் தளபாடம், பழைய அலுமாரி, கம்பளம் போன்றவற்றுக்கு மிகவும் வசதி. மாடியிலிருந்து இறக்குவதும் அவர்களே. ஆனால் இந்த வழியில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. பாதி விலை சொன்னவர் உங்கள் குப்பையை எப்பிங் காட்டோரத்தில் கொட்டினால், அதில் கிடந்த கடிதத்திலிருந்து கவுன்சில் உங்கள் கதவைத் தட்டும். குப்பை ஏற்றிச்செல்லும் உரிமம் இல்லாதவரிடம் குப்பையைக் கொடுத்த வீட்டுக்காரருக்கு இங்கிலாந்தில் 2023 ஜூலை இறுதியிலிருந்து அந்த இடத்திலேயே விதிக்கும் தண்டம் 600 பவுண்ஸ் வரை போகலாம். நமக்குத் தெரிந்த பையன்தானே என்பது அங்கே செல்லாது. சுற்றாடல் முகவரகத்தின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள், உரிமம் எந்தப் பெயரில் இருக்கிறது, வாகனத்தில் எந்தப் பெயர் எழுதியிருக்கிறது என்று ஒப்பிடுங்கள். காசாகக் கொடுத்தாலும் வாகன இலக்கமும் பெயரும் உள்ள பற்றுச்சீட்டு வாங்குங்கள். குப்பையைத் தானே கொண்டுபோகிறேன் என்று சொல்லும் பில்டருக்கும் இதே பரிசோதனைதான்.

கவுன்சிலின் மீள்சுழற்சி நிலையத்தைச் சிறிய வேலைகளுக்கு மறக்கவேண்டாம். நீங்களே உங்கள் வீட்டில் செய்த வேலையின் கழிவு என்றால், 2023 டிசம்பர் 31இலிருந்து இங்கிலாந்தில் 50 லீற்றர்ப் பை இரண்டுவரை, அல்லது குளியல் தொட்டி போல ஒரு பெரிய பொருள், நான்கு கிழமைக்குள் நான்கு தடவை இலவசம். பணத்துக்கு பில்டர் செய்த வேலைக் கழிவுக்கு இது பொருந்தாது. வானில் போனால் சில நிலையங்கள் முன்பதிவு கேட்கும்.

எதற்கு எது

குளியலறை மாற்றுவது: முன்னால் சொந்த இடம் இருந்தால் பை, இல்லாவிட்டால் காத்து நின்று ஏற்றும் லொறி. இதற்காக வீதி அனுமதி எடுப்பது பணத்தை வீணாக்குவது. சமையலறையை மட்டும் கழற்றி மாற்றுவதென்றால் வானும் ஆளும் போதும். கூரைக்குக் கீழே அறை கட்டும் லொஃப்ட் வேலையில் கூரை ஓடுகளும் மரமும் பிளாஸ்டரும் பல நாளாக இறங்கும், அங்கே வீதி ஸ்கிப் நியாயம்தான். சாரக்கட்டு வீதியில் நிற்கப்போகிறதென்றால் அதற்கு வேறு உரிமம் என்பதால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் இடம் பாருங்கள், ஒன்றின்மேல் ஒன்று விழும்படி விண்ணப்பித்து இரண்டும் தாமதமாகும் வீடுகள் உண்டு. பின்பக்க நீட்டலில் மண்ணை ஒரு வேலையாகவும் உடைப்பை வேறு வேலையாகவும் பிரித்து விலை கேளுங்கள்.

வீதி ஸ்கிப் என்று முடிவானால், பணம் கட்டுமுன் நிறுவனத்திடம் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: வற் வரியோடு மொத்த விலை, அனுமதிக்கும் தரிப்பிடத்துக்கும் யார் விண்ணப்பிக்கிறார்கள், அனுமதி எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை, நீடிக்கவேண்டுமென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்லவேண்டும், விளக்கும் கூம்பும் விலைக்குள் அடங்குமா, வீண்பயணத்துக்கு எவ்வளவு. அனுமதி முடியும் நாளுக்கு இரண்டு வேலைநாள் முன்னதாகவே எடுக்கச் சொல்லி அழையுங்கள். வெள்ளிக்கிழமை முடியும் அனுமதிக்கு வெள்ளிக்கிழமை காலையில் அழைத்தால் லொறி வருவது திங்கட்கிழமைதான்.